குப்பை வண்டி, கோல் வலை, வகுப்பறை: நெவில் சவுத்தால்

கேட்கப்பட்ட கேள்வி இதுதான்: 1980களின் நடுப்பகுதியில் உலகின் மிகச் சிறந்த கோல்கீப்பர் என்று வேல்ஸ் நாட்டு நெவில் சவுத்தாலைப் பலர் சொல்கிறார்கள், அப்படியானால் எந்த உலகக் கோப்பையிலும் அவரைக் காணாதது ஏன், ஆட்டத்தை விட்ட பிறகு அவர் என்ன ஆனார்? இரண்டையும் சேர்த்தே விடை சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முன்பாதியில் மைதானத்து வீரர், பின்பாதியில் வேறொரு மனிதர் என்று அவரைப் பிரித்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கால்பந்துக்கு முன்பு எப்படி வேலை பார்த்தாரோ அப்படியேதான் கோல் காத்தார். அதே போக்கில்தான் இன்றும் இருக்கிறார்.

1958 செப்டம்பர் 16ஆம் நாள் வேல்ஸின் வடகரையில் உள்ள லாண்டட்னோவில் பிறந்தார். கோடையில் விடுமுறைக்கு வருகிறவர்களை நம்பிப் பிழைக்கும் கடற்கரை ஊர் அது. வட வேல்ஸ் மக்களுக்குத் தலைநகர் கார்டிஃபைவிடப் பக்கம் லிவர்பூல்தான் என்பதால், அப்பகுதிப் பையன்களின் கால்பந்துக் கனவும் பெரும்பாலும் அந்த நகரத்தின் எவர்ட்டன், லிவர்பூல் என்ற இரு அணிகளைச் சுற்றியே இருக்கும். ஆனால் சவுத்தாலை எந்தப் பெரிய அணியும் சிறுவயதில் தேடி வந்து எடுத்துக்கொள்ளவில்லை. பள்ளியை விட்டதும் உணவகத்தில் பரிமாறினார், கட்டட வேலையில் செங்கல் சுமந்தார், ஊரின் குப்பை வண்டியில் வேலை பார்த்தார். வார இறுதிகளில் லாண்டட்னோ, கான்வி, பேங்கர் என்று உள்ளூர் அணிகளுக்கு ஆடினார். பிறகு இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் வின்ஸ்ஃபர்ட் யுனைடெட் என்ற சிறு அணி. அங்கிருந்து 1980இல் பெரி என்ற தொழில்முறை அணி அவரை 6,000 பவுண்டுக்கு வாங்கியபோது அவருக்கு ஏறத்தாழ 22 வயது. இன்றைய கால்பந்தில் அந்த வயதில் ஒருவர் முதல் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது அபூர்வம். அன்றும் அது தாமதம்தான். தாம் இருக்கும் இடம் சும்மா கிடைத்ததல்ல, நாளைக்கே பறிபோகவும் கூடும் என்ற எண்ணம் அவரை விட்டு நீங்காமல் இருந்ததற்கு இந்தத் தாமதமான தொடக்கம் ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டும்.

பெரியில் ஒரே ஒரு பருவம். 1981 கோடையில் எவர்ட்டன் அணியின் மேலாளராகப் புதிதாக வந்திருந்த ஹோவர்ட் கெண்டல் 1,50,000 பவுண்டு கொடுத்து அவரை அழைத்துக்கொண்டார். அந்த அக்டோபரில் இப்ஸ்விச் டவுனுக்கு எதிராக முதல் ஆட்டம். ஆனால் இடம் உறுதியாகவில்லை. ஜிம் ஆர்னால்ட் என்ற இன்னொரு கோல்கீப்பரும் அவரும் மாறி மாறி ஆடினார்கள். 1982 நவம்பர் 6ஆம் நாள், சொந்த மைதானமான குடிசன் பார்க்கில் லிவர்பூலிடம் எவர்ட்டன் 5-0 என்று தோற்றது. அவற்றில் நான்கு கோல்களை அடித்தவர் இயன் ரஷ். இருவரும் வேல்ஸ் தேசிய அணியில் ஒன்றாக ஆடுகிறவர்கள் என்பது இதில் ஒரு குரூரமான வேடிக்கை. அந்தத் தோல்விக்குப் பிறகு சவுத்தால் அணியிலிருந்து விலக்கப்பட்டு, நான்காம் நிலை லீக்கில் இருந்த போர்ட் வேல் அணிக்குச் சில வாரங்கள் இரவலாக அனுப்பப்பட்டார். பலருடைய வரலாறு அங்கேயே முடிந்திருக்கும். இவர் திரும்பி வந்தார். 1983–84 பருவத்தில் பிடித்த இடத்தை, காயம்பட்ட காலங்கள் போன்ற சிறு இடைவெளிகள் நீங்கலாக, பதினான்கு ஆண்டுகள் விடவில்லை.

அவர் கோல் காத்த விதத்தைப் பழைய ஒளிப்பதிவுகளில் பார்க்கிறவர்களுக்கு முதலில் வியப்பாகத்தான் இருக்கும். வெளியே தொங்கும் சட்டை, வாரப்படாத தலை, தடித்த மீசை, கொஞ்சம் பருத்த உடல். பார்த்தால் விளையாட்டு வீரர் என்று சொல்லத் தோன்றாது. பந்து காலை விட்டுக் கிளம்பிய நொடியில்தான் வேறு ஆள் வெளிப்படுவார். புகைப்படக்காரர்களுக்காகப் பறக்கும் கோல்கீப்பர்கள் உண்டு. சவுத்தால் முடிந்தவரை பறக்காமலே தடுக்கப் பார்ப்பார். பந்து வரும் கோட்டை முன்கூட்டியே ஊகித்து, இரண்டு மூன்று சிறு அடிகளில் அதற்குக் குறுக்கே வந்து நின்றுவிடுவார். ஒற்றைக்கு ஒற்றையாக எதிராளி ஓடிவரும்போது அவசரப்பட்டுக் கீழே விழமாட்டார். அடிக்க வேண்டியவனே முதலில் முடிவு செய்யட்டும் என்று கடைசிக் கணம் வரை நிமிர்ந்து நிற்பார். கையால் எட்டாததைக் காலால் தடுப்பதில் அவருக்குத் தயக்கமே கிடையாது. எவர்ட்டனில் பயிற்சிக்கு முதலில் வந்து கடைசியில் போகிறவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. பயிற்சியின்போதுகூட ஒரு கோல் விழுந்தால் முகம் சுருங்கிவிடும். மது குடிப்பதில்லை. மதுக்கடையும் கால்பந்தும் பின்னிக் கிடந்த அந்தக் காலத்து ஆங்கில அணிகளில், குடிக்காதவர் ஓரளவு தனியாள்தான். அந்தத் தனிமை அவருக்குச் சுமையாக இருந்ததாகவும் தெரியவில்லை.

1984 மே மாதத்தில் வாட்ஃபர்ட் அணியை 2-0 என்று வென்று எவர்ட்டன், இங்கிலாந்தின் பல நிலை அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. அடுத்து வந்த 1984–85 பருவம்தான் அவருடைய உச்சம். அந்த ஆண்டின் ஒரு கணத்தை மட்டும் அருகில் நின்று பார்ப்போம். 1985 ஏப்ரல் 3, லண்டன் ஒயிட் ஹார்ட் லேன் மைதானம். லீக் பட்டத்துக்கான போட்டியில் எவர்ட்டனுக்கு நெருக்கமாக இருந்த டாட்டன்ஹாம்தான் எதிரணி. எவர்ட்டன் 2-1 என்று முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியச் சில நிமிடங்களே பாக்கி. கோலுக்கு முன்னால் உயர்ந்து வந்த பந்தை மார்க் ஃபால்கோ மிகக் குறைந்த தூரத்திலிருந்து தலையால் முட்டினார். குறுக்குக் கம்பத்துக்குச் சற்றுக் கீழே, வலைக்குள் போக வேண்டிய பந்து அது. கூட்டம் கோல் என்று கத்தத் தொடங்கிவிட்டது. சவுத்தால் பின்பக்கமாக வளைந்து எழும்பி, கையால் அதைக் கம்பத்துக்கு மேலே தள்ளினார். எவர்ட்டன் ரசிகர்கள் இன்றும் அந்தப் பட்டத்தை வென்ற கணமாக எந்தக் கோலையும் சொல்வதில்லை, இந்தத் தடுப்பைத்தான் சொல்கிறார்கள். அவரோ பின்னாளில், பந்து நேராகத் தன்னிடம்தானே வந்தது, இதில் என்ன இருக்கிறது என்ற தொனியில் பேசினார். அதை அடக்கம் என்று சொல்வதா, அவருக்கு உண்மையிலேயே அப்படித்தான் தோன்றியது என்று சொல்வதா என்றால், இரண்டாவதுதான் சரியாக இருக்கும் என்பது என் கணிப்பு. பந்து வரும் இடத்தில் முன்கூட்டியே போய் நிற்கிறவனுக்கு எல்லாப் பந்தும் நேராகத்தானே வரும்.

அந்தப் பருவத்தில் எவர்ட்டன் 90 புள்ளிகளோடு லீக் பட்டத்தை வென்றது. தத்தம் நாட்டுக் கோப்பையை வென்ற அணிகள் மோதும் ஐரோப்பாவின் கோப்பை வென்றோர் கோப்பைப் போட்டியில் இறுதி ஆட்டம் உட்பட ஒன்பது ஆட்டங்களில் எவர்ட்டன் வாங்கியவை இரண்டே கோல்கள்: அரையிறுதியில் பேயர்ன் மியூனிக்கிடம் ஒன்று, மே 15ஆம் நாள் ராட்டர்டாமில் நடந்த இறுதி ஆட்டத்தில் ரேப்பிட் வியன்னாவிடம் ஒன்று. அந்த இறுதி ஆட்டத்தை எவர்ட்டன் 3-1 என்று வென்றது. மூன்றே நாள் கழித்து எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் நார்மன் வைட்சைட் கூடுதல் நேரத்தில் அடித்த ஒரே கோலால் மூன்றாவது கோப்பை கைநழுவியது. அந்த ஆண்டின் சிறந்த வீரராகக் கால்பந்துச் செய்தியாளர்கள் தேர்ந்தெடுத்தது சவுத்தாலை. அந்த விருதை அவருக்கு முன் பெற்ற கோல்கீப்பர்கள் பெர்ட் டிராட்மன், கார்டன் பேங்க்ஸ், பேட் ஜென்னிங்ஸ் மூவர் மட்டுமே என்பதை நினைத்தால் அதன் எடை விளங்கும்.

அப்படியானால் உலகம் ஏன் அவரைப் பார்க்கவில்லை? முதல் காரணம் அவர் கையில் இல்லாதது. ராட்டர்டாம் வெற்றிக்கு இரண்டு வாரம் கழித்து, மே 29ஆம் நாள் பிரசல்ஸ் நகரின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல்–யுவெண்டஸ் இறுதி ஆட்டம் தொடங்குமுன், லிவர்பூல் ரசிகர்கள் பாய்ந்ததில் ஏற்பட்ட நெரிசலில் சுவர் இடிந்து 39 பேர் இறந்தார்கள். ஆங்கில அணிகள் அனைத்தும் ஐரோப்பியப் போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டன; அந்தத் தடை 1990 வரை நீடித்தது. எவர்ட்டன் 1985இலும் 1987இலும் லீக் பட்டம் வென்ற அணி. சாம்பியன் அணிகளுக்கான ஐரோப்பியக் கோப்பையில் ஆடும் உரிமை இருமுறையும் வீணானது. 27 முதல் 31 வயது வரை, ஒரு கோல்கீப்பர் கனிந்து நிற்கும் காலம் முழுவதும், கண்டத்தின் பிற நாட்டு ரசிகர்கள் அவரைப் பெரிய மேடையில் காணவே இல்லை. இடையில் 1986 மார்ச்சில் டப்ளினில் அயர்லாந்துக் குடியரசுக்கு எதிராக வேல்ஸுக்கு ஆடியபோது, ரக்பி ஆட்டங்களால் குண்டும் குழியுமாகிக் கிடந்த லான்ஸ்டவுன் ரோடு மைதானத்தில் கால் பிசகிக் கணுக்காலைக் கடுமையாகக் காயப்படுத்திக்கொண்டார். அவர் இல்லாமல் மீதப் பருவத்தை ஆடிய எவர்ட்டன், லீக்கையும் எஃப்.ஏ. கோப்பையையும் லிவர்பூலிடம் இழந்தது. அவருக்குப் பதில் ஆடிய பாபி மிம்ஸ் மோசமாக ஆடினார் என்று சொல்வது நியாயமாகாது. ஆனாலும் சவுத்தால் இருந்திருந்தால் என்ற பேச்சு லிவர்பூல் நகரத்தின் நீல வண்ணப் பாதியில், அதாவது எவர்ட்டன் ரசிகர்களிடையே, இன்னும் ஓயவில்லை.

இரண்டாவது காரணம் வேல்ஸ். ரஷ், மார்க் ஹியூஸ், சவுத்தால் என்று உலகத்தரமான வீரர்களை ஒரே காலத்தில் வைத்திருந்த அந்த நாடு, ஒவ்வொரு முறையும் வாசற்படியில் நின்றுபோனது. 1986 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில், 1985 செப்டம்பர் 10ஆம் நாள் கார்டிஃபின் நினியன் பார்க்கில் ஸ்காட்லாந்தோடு மோதியபோது வேல்ஸுக்கு வெற்றி கட்டாயம். ஹியூஸின் கோலால் முன்னிலை பெற்றிருந்த அணிக்கு எதிராக, ஆட்டம் முடிய ஒன்பது நிமிடம் இருக்கையில் கைபட்டதாகப் பெனால்டி கொடுக்கப்பட்டது. டேவி கூப்பர் அடித்த பந்தை நோக்கிச் சவுத்தால் சரியான பக்கமே பாய்ந்தார். பந்து அவரைக் கடந்து போய்விட்டது. 1-1. அன்றிரவு ஸ்காட்லாந்தின் மேலாளர் ஜாக் ஸ்டெய்ன் மைதானத்திலேயே நெஞ்சடைத்துச் சரிந்து இறந்துபோனதால், ஆட்டத்தின் முடிவைப் பற்றிப் பேச அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1993 நவம்பர் 17ஆம் நாள், கார்டிஃப் ஆர்ம்ஸ் பார்க்கில் ருமேனியா. அப்போதும் வென்றால் 1994 உலகக் கோப்பை. முதல் பாதியில் ஜார்ஜி ஹாஜி தொலைவிலிருந்து இடக்காலால் அடித்த தாழ்ந்த பந்து சவுத்தாலின் உடலுக்குக் கீழே நழுவி வலைக்குள் போனது. அது அவர் பிடித்திருக்க வேண்டிய பந்து. அதில் பூசி மெழுக ஒன்றுமில்லை. டீன் சாண்டர்ஸ் சமன் செய்தார். சில நிமிடங்களில் பால் போடின் அடித்த பெனால்டி குறுக்குக் கம்பத்தில் மோதித் திரும்பியது. கடைசியில் ருமேனியா 2-1 என்று வென்றது. வேல்ஸில் அந்த இரவை நினைவுகூர்கிறவர்கள் போடினின் பெனால்டியைத்தான் சொல்கிறார்கள். எனக்கென்னவோ, பழி முழுவதையும் ஒரு பின்கள ஆட்டக்காரரின் தலையில் ஏற்றியது சரியாகப் படவில்லை. ஹாஜியின் பந்து நின்றிருந்தால் அந்தப் பெனால்டியே வேறு விதமாக இருந்திருக்கும். 1958க்குப் பிறகு வேல்ஸ் மீண்டும் ஓர் உலகக் கோப்பைக்குப் போனது 2022இல்தான். சவுத்தால் 1982 முதல் 1997 வரை வேல்ஸுக்காக 92 ஆட்டங்கள் ஆடினார். கிறிஸ் கன்டர் 2018இல் முந்தும் வரை ஆண்கள் அணியில் அந்த எண்ணிக்கையைத் தாண்டியவர் இல்லை.

1987க்குப் பிறகு எவர்ட்டன் மெல்லச் சரிந்தது. 1990 ஆகஸ்டில் பருவத்தின் முதல் ஆட்டம். இரண்டாம் நிலையிலிருந்து புதிதாக ஏறிவந்த லீட்ஸ் அணிக்கு எதிராகக் குடிசனில் இடைவேளைக்குள்ளேயே பின்தங்கிவிட்டார்கள். இடைவேளை முடியுமுன் சவுத்தால் உடைமாற்றும் அறையிலிருந்து தனியாக வெளியே வந்து, கோல்கம்பத்தில் சாய்ந்து புல்லில் உட்கார்ந்துகொண்டார். ஆயிரக்கணக்கானோர் பார்த்துக்கொண்டிருக்க, வெற்று மைதானத்தில் ஒற்றை ஆள். அணியை விட்டுப் போக அவர் விண்ணப்பித்திருந்த நேரம் என்பதால், நிர்வாகத்துக்கு எதிரான மறியல் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். அணி அபராதம் விதித்தது. மனத்தைத் தெளிவாக்கிக்கொள்ளத்தான் வந்தேன் என்பது அவர் சொன்ன விளக்கம். ஆனாலும் அவர் எங்கும் போய்விடவில்லை. 1994 மே மாதத்தில் பருவத்தின் கடைசி நாளன்று விம்பிள்டனிடம் 0-2 என்று பின்தங்கி, 3-2 என்று வென்று எவர்ட்டன் அடுத்த நிலை லீக்குக்குக் கீழிறக்கப்படுவதிலிருந்து தப்பியபோதும் வலைக்கு முன்னால் நின்றவர் அவர்தான்.

அடுத்த ஆண்டு, 1995 மே 20ஆம் நாள், மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதி. பால் ரைட்அவுட் தலையால் முட்டிய கோலால் எவர்ட்டன் முன்னிலை. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரராக இறங்கிய இளைஞர் பால் ஸ்கோல்ஸ் நெருங்கி வந்து அடித்த பந்தைச் சவுத்தால் தடுத்தார். பந்து திரும்பவும் ஸ்கோல்ஸின் காலுக்கே போக, அவர் மறுபடியும் அடிக்க, தரையில் கிடந்தபடியே அதையும் காலால் மறித்தார். அப்போது அவருக்கு 36 வயது. எவர்ட்டன் 1-0 என்று வென்றது; அதன் பிறகு இன்றுவரை அந்த அணிக்குப் பெரிய கோப்பை எதுவும் வாய்க்கவில்லை. வெற்றி விருந்துக்கு நிற்காமல் அன்றே காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார் என்பது அவரை அறிந்தவர்களுக்கு ஆச்சரியமில்லை.

எவர்ட்டனுக்காக ஏறத்தாழ 750 ஆட்டங்கள், அவற்றில் லீக் ஆட்டங்கள் மட்டும் 578. இரண்டுமே அந்த அணியின் சாதனைகள். அவரை 1981இல் வாங்கிய கெண்டலே மூன்றாம் முறை மேலாளராக வந்து 1997 இறுதியில் அவரை ஓரங்கட்டினார். பிறகு சவுத்எண்ட், ஸ்டோக், டார்க்கீ என்று கீழ்நிலை அணிகளில் சுற்றினார். நாற்பதைத் தொட்ட வயதில் டார்க்கீயில் வாரந்தோறும் ஆடியது பெயருக்கான சடங்கல்ல, உண்மையான வேலை. 2000 மார்ச்சில் பிராட்ஃபர்ட் சிட்டி அணியின் கோல்கீப்பர்கள் காயப்பட்டுவிட, 41 வயதில் மீண்டும் பிரீமியர் லீக்கில் லீட்ஸுக்கு எதிராக இறங்கினார், 2-1 தோல்வி. உடல் கனத்திருந்ததைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள். இதற்கு முந்தைய ஆண்டு, வேல்ஸ் மேலாளர் பாபி கூல்ட் விலகியதும் மார்க் ஹியூஸோடு சேர்ந்து வேல்ஸ் அணியின் தற்காலிகப் பொறுப்பையும் ஓர் ஆட்டத்துக்கு ஏற்றார். டோவர், ஹேஸ்டிங்ஸ் போன்ற சிறு அணிகளின் மேலாளராகவும் இருந்து பார்த்தார். அதில் சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

அதன் பிறகு அவர் தேர்ந்தெடுத்ததுதான் பலருக்குப் புதிர். அவருடைய தலைமுறை வீரர்கள் தொலைக்காட்சி வர்ணனைக்கும் விருந்து மேடைகளுக்கும் போனபோது, இவர் பள்ளியை விட்டு விலகிய, வேலையும் படிப்பும் இல்லாத இளைஞர்களோடு பணிசெய்யப் போனார். பின்னர் தென் வேல்ஸின் எப்பு வேல் பகுதியில், சிறப்புத் தேவையுள்ள மாணவர்களுக்கான பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார். நிலக்கரிச் சுரங்கங்களும் இரும்பாலையும் மூடப்பட்டு வறுமை படிந்த பள்ளத்தாக்கு அது. சாதாரண வகுப்பில் உட்கார முடியாத, கோபமும் பயமும் மிகுந்த பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருக்க வேண்டிய பணி. 1980களில் அவர் யார் என்பது அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அது அவருக்கு வசதியாகவே இருந்திருக்கும். 2012இல் வெளியான தன்வரலாற்றின் தலைப்பில் கோல்கீப்பர் என்ற சொல் கிடையாது, குப்பை அள்ளுபவர் என்ற சொல்தான் இருக்கிறது.

அறுபதை நெருங்கும் வயதில் ட்விட்டரில் அவருக்கு இன்னொரு கூட்டம் சேர்ந்தது. பழைய கோல்கீப்பர் ஒருவர் எலும்புக்கூட்டுப் படங்களை வைத்து வேடிக்கை செய்கிறார் என்று பார்க்க வந்தவர்கள், அதே பக்கத்தில் மனநலம், தற்கொலைத் தடுப்பு, போதை மீட்பு, திருநர் உரிமை என்று நீண்ட உரையாடல்களைக் கண்டார்கள். இவற்றைப் பற்றித் தாமே பேசுவதைவிட, அந்தந்த வாழ்க்கையை வாழ்கிறவர்களிடம் தம் கணக்கை ஒப்படைத்து, ஒரு மாலை முழுவதும் அவர்களே எழுதட்டும் என்று விட்டுவிடுவது அவருடைய வழக்கமாக இருந்தது. பாலியல் தொழிலாளர்களும் திருநர்களும் அப்படி அவருடைய பெயரின் கீழ் நேரடியாகப் பேசினார்கள். வசைகளும் வந்தன. தமக்குத் தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவே இதைச் செய்வதாக அவர் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். கால்பந்து உடைமாற்றும் அறைகளிலேயே இருபது ஆண்டுக்கு மேல் கழித்த ஒருவர், அங்கே எந்தெந்தப் பேச்சுக்கு இடமே இருந்ததில்லை என்பதை அறிந்துதான் இதைச் செய்தார் என்றே நான் படிக்கிறேன்.

2020இல் வந்த இரண்டாவது நூலிலும் கோப்பைகளைவிட விளையாட்டு வீரர்களின் மனநலத்துக்கே அதிக இடம் கொடுத்தார். கோல்கீப்பர் செய்யும் தவறு உடனே பலகையில் எண்ணாக ஏறிவிடுகிறது, மற்ற பத்துப் பேருக்கும் அப்படியில்லை என்பது அந்தத் தொழிலில் இருந்தவர்கள் எல்லோரும் சொல்வதுதான். ஹாஜியின் பந்தைத் தவறவிட்ட சவுத்தாலுக்கு அதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை இருந்ததில்லை.